மாத்தினது அரசாங்கம், மாத்தின செலவு ஆர்ட தலையில?

ரக்ஸ் கிரெடிற் எண்ட பிரித்தானிய அரசாங்க உதவிக்காசு 2025 ஏப்ரல் 5ஆம் திகதியோட முடிஞ்சு போச்சு. 2003இல கோர்டன் பிரவுன் நிதியமைச்சரா இருக்கேக்க தொடங்கினது, இருவத்திரண்டு வருசம் ஓடினது. பிரித்தானியாவில குறைஞ்ச சம்பளத்தில வேலை செய்யிற குடும்பங்களுக்கு, எங்கட ஆக்களில பெற்றோல் ஸ்டேசன், சுப்பர்மார்க்கெற், கேர் ஹோம், மினிகாப் எண்டு நிக்கிறவைக்கு, வாடகைக்கும் பிள்ளையளின்ர சப்பாத்துக்கும் கைகுடுத்தது அந்தக் காசுதான். இப்ப பென்சன் வயசுக்கு வராத எல்லாரும் யூனிவேர்சல் கிரெடிற் எண்ட புது உதவித்தொகைக்கு மாறியாச்சு, இல்லாட்டி மாறாமலே விட்டுட்டினம்.

எனக்குக் கணக்கு எழுதுற வேலை, லண்டனின்ர வடமேற்குப் பக்கம். அதால கடந்த ரெண்டு மூண்டு வருசமா ஆராவது ஒராள் ஒரு பிரவுண் கவரோட வந்து "தம்பி இதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லும்" எண்டு கேக்கிறது வழமையாப் போச்சு. அந்தக் கடிதத்துக்கு மைக்ரேசன் நோட்டீஸ் எண்டு பேர். சாராம்சம் என்னண்டால், உங்கட ரக்ஸ் கிரெடிற் நிக்கப்போகுது, மூண்டு மாதத்துக்குள்ள நீங்களே யூனிவேர்சல் கிரெடிற்றுக்கு விண்ணப்பிக்கோணும், நாங்களா மாத்த மாட்டம். பாருங்கோ, உங்கட பேர், வயசு, பிள்ளையள், சம்பளம், வங்கி இலக்கம் எல்லாம் அரசாங்கத்தின்ர கையில ஏற்கனவே இருக்கு. ஆனா ஒரு டிப்பார்ட்மென்றில இருக்கிற ஃபைலை அடுத்த டிப்பார்ட்மென்றுக்கு அனுப்பிற வேலை இல்லை இது, சனம்தான் முதல்ல இருந்து எல்லாத்தையும் திருப்பி எழுதிக் குடுக்கவேண்டி இருந்தது. திகதி தவறினால் பழைய காசும் நிண்டுது, மாறேக்க காசு குறைஞ்சால் வித்தியாசத்தைச் சேத்துப் போடுற இடைக்காலப் பாதுகாப்பும் போச்சு.

நலத்திட்டத்தை மாத்துற செலவு எண்டால் அரசியல்வாதியள் கதைக்கிறது எல்லாம் கஜானாக் கணக்கு, இத்தனை பில்லியன் மிச்சம், இத்தனை பில்லியன் கூடப் போகும் எண்டு. மாறுற குடும்பம் அந்த மாற்றத்துக்குக் குடுக்கிற விலை அந்தக் கணக்கில வாறதே இல்லை. எனக்கு இருக்கிற கோவம் அதுதான். யூனிவேர்சல் கிரெடிற் எண்ட யோசனையில எனக்குப் பெரிய சண்டை இல்லை, ஏனெண்டு பிறகு சொல்லுறன்.

முதல்ல ரக்ஸ் கிரெடிற்றையும் பெரிசாப் புகழத் தேவையில்லை. அது தொடங்கின முதல் வருசமே, 2003–04இல, 2.2 பில்லியன் பவுண்ஸ் கூடுதலாக் குடுத்துப்போட்டு பிறகு திருப்பிக் கேட்டவை. காரணம், போன வருசத்துச் சம்பளத்தை வைச்சு இந்த வருசத்துக்குக் குடுக்கிறது, வருச முடிவில உண்மையான சம்பளம் கூட எண்டு தெரிஞ்சால் கடன் எண்டு கடிதம் போடுறது. ஓவர்ரைம் செய்தவன், ரெண்டாவது வேலை பிடிச்சவன், மனுசி வேலைக்குப் போன குடும்பம், எல்லாரும் மாட்டிக்கொண்டினம். பிறகு வருமானம் 25,000 பவுண்ஸ் வரைக்கும் கூடினாலும் அந்த வருசம் கண்டுகொள்ள மாட்டம் எண்டு 2006இல தளர்த்தினவை, பிறகு சிக்கனம் எண்டு சொல்லி அதை 10,000, 5,000, 2,500 எண்டு படிப்படியா இறக்கினவை. அந்தப் பழைய கடன் இருக்கே, அது ரக்ஸ் கிரெடிற்றோட சாகேல்லை. யூனிவேர்சல் கிரெடிற்றுக்கு மாறேக்க கடனும் கூடவே மாறி வந்து மாதாமாதம் வெட்டுப்படுது. மகள் நேர்சரியில இருக்கேக்க வந்த கடன், மகள் யூனிவேர்சிற்றிக்குப் போற நேரம் கட்டுப்படுது.

யூனிவேர்சல் கிரெடிற் 2010இல வேலை, ஓய்வூதிய அமைச்சரா இருந்த இயன் டங்கன் ஸ்மித் கொண்டு வந்த திட்டம், 2012இல சட்டமாச்சு, 2013 ஏப்ரல்ல மன்செஸ்ரருக்குப் பக்கத்தில ஆஷ்டன்-அண்டர்-லைன் எண்ட ஊரில தொடங்கினவை. ஆறு உதவித்தொகையை ஒண்டாக்கிறது, 2017இல எல்லாம் முடிஞ்சிடும் எண்டு சொன்னவை. ரக்ஸ் கிரெடிற் ஆக்களை மாத்தி முடிக்கவே 2025 ஆச்சு. அதுக்குள்ள எழுதின கொம்பியூட்டர் மென்பொருளில 34 மில்லியன் பவுண்ஸ் பெறுமதியானதை உபயோகமில்லை எண்டு கைவிட்டது 2013இலயே தேசியக் கணக்காய்வு அலுவலகத்தின்ர அறிக்கையில வந்திட்டுது. அதே அலுவலகம் 2018 ஜூன்ல எழுதினது இன்னும் மோசம்: அதுவரைக்கும் 1.9 பில்லியன் செலவு, ஒரு விண்ணப்பத்தைக் கையாள 699 பவுண்ஸ் போகுது, கடைசியில 173க்குக் கொண்டு வாறதுதான் நோக்கமாம். ரெண்டு லட்சம் பேரைக் கூடுதலா வேலைக்கு அனுப்பும் எண்டு சொன்னதை ஒருக்காலும் அளந்து பாக்கவே ஏலாது எண்டும் எழுதினவை. ஒரு குடும்பம் சம்பளச் சீட்டு ஒண்டை விட்டுட்டா எத்தினை கேள்வி வரும்!

சரி, நல்லதையும் சொல்லோணும். பழைய முறையில 16 மணித்தியாலம் எண்ட கோடு ஒண்டு இருந்தது. தனித்தாய் கிழமைக்கு 16 மணித்தியாலம் வேலை செய்தால் காசு, 15 எண்டால் இல்லை. கலியாணம் கட்டி பிள்ளையோட இருக்கிறவைக்கு 2012 ஏப்ரல்ல அதை 24 ஆக்கினவை, இன்னொரு எட்டு மணித்தியால வேலை கிடைக்காததால எத்தினை வீட்டில வேலை செய்யிறவைக்கு எண்டு இருந்த வேர்க்கிங் ரக்ஸ் கிரெடிற் அப்பிடியே நிண்டது. யூனிவேர்சல் கிரெடிற்றில அந்தக் கோடு இல்லை, ஒரு மணித்தியாலம் செய்தாலும் கணக்கில வரும், வேலை போனாலும் உதவி தொடரும். 2020 மார்ச்சில கொரோனாவால நாடு பூட்டுப்பட்ட நேரம் ரெண்டே கிழமைக்குள்ள 950,000 விண்ணப்பம் வந்தது, சிஸ்டம் விழேல்லை. பழைய கடதாசி முறை எண்டால் விழுந்திருக்கும், அதில எனக்குச் சந்தேகம் இல்லை. சம்பளம் கூடினால் உதவியில கழிக்கிற வீதத்திலயும் பழசை விட இது பரவாயில்லை, முந்தி வாடகை உதவியும் சேத்து எடுத்த ஒருத்தர் ரக்ஸும் கட்டினால், கூட உழைக்கிற ஒரு பவுணில பத்துப் பென்ஸ் கூட மிஞ்சாது.

யூனிவேர்சல் கிரெடிற்றில எவ்வளவு மிஞ்சுது எண்டு பாப்பம், இது எங்கட ஆக்கள் கட்டாயம் விளங்கிக்கொள்ள வேண்டிய கணக்கு. அடிப்படைச் சம்பளம் 2025 ஏப்ரல்ல இருந்து ஒரு வருசத்துக்கு மணித்தியாலத்துக்கு 12.21 பவுண்ஸா இருந்தது, அதை வைச்சே கணக்குப் போடுவம். வருசம் 12,570க்கு மேல உழைக்கிற ஒருத்தருக்குக் கூட வாற ஒரு பவுணில வருமான வரி 20 பென்ஸ், நஷனல் இன்சூரன்ஸ் 8 பென்ஸ் போக 72 பென்ஸ். அந்த 72இல 55 வீதத்தை யூனிவேர்சல் கிரெடிற்றில கழிப்பினம். கையில நிக்கிறது 32 பென்ஸ் சொச்சம். அதாவது ஒரு மணித்தியாலம் கூட நிண்டால் நாலு பவுணுக்குக் கொஞ்சம் குறைவு. சனிக்கிழமை மூண்டு மணித்தியால ஷிஃப்ற் ஒண்டுக்குப் போய் வந்தால் பன்ரெண்டு பவுண் கிட்ட, அதில அந்த வருசம் லண்டன் பஸ்சுக்குப் போக 1.75 வர 1.75. கவுன்சில் ரக்ஸ் கழிவும் சம்பளம் கூடக் கூடக் குறையும், அது கவுன்சிலுக்குக் கவுன்சில் வேற. "இவை சோம்பேறியள், கூட வேலை செய்ய மாட்டினம்" எண்டு கலியாண வீட்டில கோட் சூட்டோட நிண்டு கதைக்கிற எங்கட ஆக்களும் இருக்கினம். மணித்தியாலத்துக்கு நாலு பவுணுக்கு அவை போவினமோ எண்டு ஒருக்காக் கேட்டுப் பாக்கோணும்.

ஆனா வீதம் ஒரு பக்கம். மாறேக்க வாற செலவு அதுக்கு வெளியால.

முதல் காசு வர அஞ்சு கிழமை. விண்ணப்பிச்ச நாளில இருந்து ஒரு மாதம் சம்பளத்தைக் கணக்கெடுத்து, பிறகு ஒரு கிழமையில போடுவினம். 2018க்கு முதல் அது ஆறு கிழமை. இந்த அஞ்சு கிழமைக்கு என்ன செய்யிறது எண்டு கேட்டால் அட்வான்ஸ் எடுக்கலாம் எண்டுவினம். அட்வான்ஸ் எண்டால் கடன், வட்டி இல்லை, ஆனா 24 மாதத்துக்கு வெட்டுவினம். ரக்ஸ் கிரெடிற் கிழமைக்கோ நாலு கிழமைக்கோ வந்து கொண்டிருந்த வீடு, இப்ப மாதத்தில ஒரு நாளுக்குக் காத்திருக்கோணும். கிழமைச் சம்பளக்காரனுக்கு மாதக் கணக்கைப் பழக்கோணும் எண்டு வெஸ்ட்மின்ஸ்ரரில இருந்து யோசிச்சவைக்கு, சம்பளம் எண்டாலே மாதம்தானே.

இந்த மாதக் கணக்கில வாற கூத்தை ஒரு உதாரணத்தில சொன்னால்தான் விளங்கும். எனக்குத் தெரிஞ்ச ஒரு அக்கா, ரெண்டு பிள்ளையளோட தனிய இருக்கிறா, கேர் ஹோமில வேலை, நாலு கிழமைக்கு ஒருக்காச் சம்பளம். கணக்குக்கு 1,100 பவுண்ஸ் எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ. நாலு கிழமைச் சம்பளம் எண்டால் வருசத்தில 13 சம்பளம், மாதம் பன்ரெண்டு, அப்ப எப்பிடியும் ஒரு மாதத்துக்குள்ள ரெண்டு சம்பளம் விழும். யூனிவேர்சல் கிரெடிற் கொம்பியூட்டருக்கு அது விளங்காது, இந்த மாதம் 2,200 உழைச்சிருக்கிறா எண்டு நினைச்சு 605 பவுண்ஸைக் கூடக் கழிச்சுப் போடும். வருசக் கணக்கில ஒண்டும் பிழையில்லை, எல்லாம் சமன்தான் எண்டு சொல்லுவினம். ஆனா அந்தக் குறைஞ்ச காசு வாறது சம்பளம் வழமை போல ஒண்டு மட்டும் வாற அடுத்த மாதத்தில, வீட்டுக்காரன் வாடகையை வருசக் கணக்கிலயா கேக்கிறான்? சில பேருக்கு அந்த மாதம் பூச்சியம் எண்டு வந்து கிளெய்மே மூடுப்பட்டிடும், பிறகு திருப்பித் திறக்கோணும், அதோட கவுன்சில் ரக்ஸ் பில்லும் புதுசா வரும்.

இதில மாதச் சம்பளக்காரரும் தப்பேல்லை. சம்பள நாள் ஞாயிறிலயோ பாங் ஹொலிடேயிலயோ வந்தால் கொம்பனி ரெண்டு நாள் முந்திப் போடும், அப்ப ஒரு மாதக் கணக்குக்குள்ள ரெண்டு சம்பளம், அடுத்ததில ஒண்டுமில்லை. இதை எதிர்த்து நாலு தனித்தாய்மார் கோட்டுக்குப் போய் 2019 ஜனவரியில உயர் நீதிமன்றத்தில வெண்டவை, அரசாங்கம் அப்பீல் போட்டது, 2020 ஜூன்ல அப்பீல் கோட்டிலயும் அவைதான் வெண்டவை. அந்த நவம்பரில விதியைத் திருத்தினவை, ஆனா மாதச் சம்பளக்காரருக்கு மட்டும்தான். நாலு கிழமைச் சம்பளக்காரருக்கு இல்லை. எங்கட அக்காவுக்கு அந்தத் தீர்ப்பால ஒரு பென்ஸ் பிரயோசனம் இல்லை.

மினிகாப் ஓடுறவை, சின்னக் கடை வைச்சிருக்கிறவைக்கு வேற கதை. முதல் வருசம் விட்டுவைப்பினம், அதுக்குப் பிறகு நீங்கள் குறைஞ்சது 35 மணித்தியாலம் அடிப்படைச் சம்பளத்துக்கு உழைச்சதா நினைச்சுத்தான் கணக்குப் போடுவினம், உண்மையில உழைச்சீங்களோ இல்லையோ (சின்னப் பிள்ளை பாக்கிறவைக்கு மணித்தியாலம் குறைப்பினம்). ஜனவரியில ரோட்டில ஆள் இல்லை, கார் கராஜில, இன்சூரன்ஸ் வேற கட்டோணும், கொம்பியூட்டர் சொல்லும் நீ இந்த மாதம் முழுச் சம்பளம் உழைச்சாய் எண்டு. ரக்ஸ் கிரெடிற்றில வருசத்துக்கு ஒருக்கா லாபக் கணக்குக் குடுத்தால் காணும். இப்ப மாதா மாதம் வரவு செலவு எழுதி ஒன்லைனில போடோணும். எனக்கு வேலை கூடினது உண்மை, அதுக்காக இது நல்ல முறை எண்டு சொல்ல ஏலுமோ?

வீட்டுக்குள்ள நடந்த ஒரு மாற்றத்தைப் பற்றி ஆம்பிளையள் ஒருத்தரும் கதைக்கிறதில்லை. ரக்ஸ் கிரெடிற்றில பிள்ளையளுக்கு எண்டு இருந்த சைல்ட் ரக்ஸ் கிரெடிற், பிள்ளையைப் பாக்கிற ஆளின்ர அக்கவுண்டுக்குப் போனது, எங்கட வீடுகளில அது அம்மாதான். கன பொம்பிளையளுக்குத் தங்கட பேரில வந்த ஒரே காசு அதுவும் சைல்ட் பெனிஃபிற்றும்தான், சீட்டுக் கட்டினது, தங்கச்சிக்கு ஊருக்கு அனுப்பினது, பிள்ளைக்குத் தமிழ் ஸ்கூல் காசு கட்டினது எல்லாம் அதிலதான். யூனிவேர்சல் கிரெடிற் முழுவதும் ஒரே அக்கவுண்டுக்கு, விசேச காரணம் சொல்லிக் கேட்டாலொழியப் பிரிச்சுப் போட மாட்டினம். புரிஞ்சு நடக்கிற மனுசன் எண்டால் ஒண்டுமில்லை. இல்லாட்டி?

ஜேர்னல் எண்ட ஒண்டு இருக்கு, எல்லாக் கேள்வியும் அதில ஒன்லைனில வரும், அதிலயே பதில் எழுதோணும். "பிளீஸ் புரொவைட் எவிடன்ஸ்" எண்டு இரவு பத்து மணிக்கு ஃபோன் கிணுங்கினால், ஒன்பதாம் வகுப்பு மகன்தான் எழுந்து வந்து அம்மாவுக்கு வாசிச்சுச் சொல்லுறான். அம்மாவின்ர சம்பளம், அப்பாவின்ர கடன், எல்லாம் அந்தப் பிள்ளைக்குத் தெரிய வருது. இதுக்கு எந்த வரவு செலவுத் திட்டத்தில என்ன தலைப்பில கணக்கு எழுதுறது?

ஆகப் பெரிய பயம் சேமிப்பும் ஊர் வீடும். ரக்ஸ் கிரெடிற்றுக்குச் சேமிப்பு எல்லை இருக்கேல்லை. யூனிவேர்சல் கிரெடிற்றில 6,000க்கு மேல போனால் குறைப்பினம், 16,000 தாண்டினால் ஒண்டுமே இல்லை. வெளிநாட்டில இருக்கிற வீடு, காணியும் சொத்துத்தான். யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில அம்மா அப்பா விட்டுப் போன வீடு, ரெண்டு சகோதரம் கனடாவில, ஒராள் இஞ்ச, உறுதி மூண்டு பேரின்ர பேரிலயும், வீட்டில இருக்கிறது தூரத்துச் சொந்தம், வாடகையும் இல்லை. அதில உங்கட பங்கு சொத்துக் கணக்கில வரும். பென்சன் வயசைத் தாண்டின அம்மாவோ, வேலை செய்ய ஏலாத நெருங்கின சொந்தமோ அதில குடியிருந்தால் விடுவினம். இதைச் சொல்லாமல் விட்டவை கனபேர், பயத்தில விண்ணப்பமே செய்யாமல் விட்டவையும் கனபேர். ரெண்டாவது ஆக்களில சில பேருக்கு நியாயமாக் காசு கிடைச்சிருக்கும், அம்மா அங்க இருக்கிறா எண்ட ஒரு வரி எழுதியிருந்தால்.

அரசாங்கத்தின்ர பக்கத்துக்குத் திரும்பினால், அங்கயும் இந்த மாற்றம் மலிவா முடியேல்லை. 2015 ஜூலையில அப்ப நிதியமைச்சரா இருந்த ஜோர்ஜ் ஒஸ்போர்ன் ரக்ஸ் கிரெடிற்றில வருசம் 4.4 பில்லியன் வெட்டப் போறன் எண்டார், வருமானம் 6,420 தாண்டினால் கழிக்கத் தொடங்கிறதை 3,850க்கு இறக்கி, கழிக்கிற வீதத்தை 41இல இருந்து 48 ஆக்கி. அந்த ஒக்ரோபர் 26ஆம் திகதி பிரபுக்கள் சபை அதைத் தடுத்து நிறுத்தினது, தெரிவு செய்யப்படாத ஆக்கள் நிதி விசயத்தில தலையிடுறதோ எண்டு பெரிய சத்தம், நவம்பரில ஒஸ்போர்னே கைவிட்டார். எல்லாரும் வெண்டிட்டம் எண்டு நினைச்சினம். ஆனா யூனிவேர்சல் கிரெடிற்றில கழிக்காமல் விடுற வருமானத்தைக் குறைச்ச வெட்டு சத்தமில்லாமல் 2016 ஏப்ரல்ல வந்திட்டுது. முன் வாசலால துரத்தினது பின் வாசலால வந்த கதை. பிறகு என்ன நடந்தது? 2018 பட்ஜெட்டில அடுத்த நிதியமைச்சர் பிலிப் ஹமண்ட் பிள்ளையள் இருக்கிற குடும்பங்களுக்கு அதில 1,000 பவுணைத் திருப்பிக் கூட்டினார், அதுக்கு வருசம் 1.7 பில்லியன். 2021இல கிழமைக்கு 20 பவுண் கொரோனாக் காசை நிப்பாட்டின அதே மாதத்தில, அப்ப நிதியமைச்சரா இருந்த ரிஷி சுனக் கழிக்கிற 63 வீதத்தை 55 ஆக்கிறன் எண்டு அறிவிச்சார். 2017 ஏப்ரல்ல கொண்டு வந்த, மூண்டாவது பிள்ளைக்குக் காசில்லை எண்ட ரெண்டு பிள்ளைக் கட்டுப்பாட்டை 2026 ஏப்ரல்ல எடுக்கிறம் எண்டு ரேச்சல் ரீவ்ஸ் 2025 நவம்பர் பட்ஜெட்டில அறிவிச்சா. ஒரு கையால வெட்டி மறு கையால ஒட்டினதுதான் பத்து வருசமா நடந்தது. வெட்டினதுக்கும் ஒட்டினதுக்கும் நடுவில பிறந்த மூண்டாவது பிள்ளையளுக்குப் போன வருசங்களின்ர காசு திரும்பி வராது, 2017இல பிறந்தது எட்டு வயசைத் தாண்டீட்டுது.

மாறினவைக்கு ஒண்டு சொல்லி வைக்கிறன், இது கனபேருக்குத் தெரியாது. முந்தி வாங்கினதை விடப் புதுசில குறைஞ்சால் வித்தியாசத்தைச் சேத்துப் போடுற அந்தப் பாதுகாப்புக் காசு நிரந்தரம் இல்லை. பிள்ளைக் காசு, வாடகைக் காசு எது கூடினாலும் அந்த அளவுக்கு இதில குறைப்பினம், சைல்ட் கேர் காசு கூடினால் மட்டும் குறைக்க மாட்டினம். வருசா வருசம் விலைவாசிக்கு எண்டு கூட்டினம் எண்டு செய்தியில வரும், உங்கட வங்கிக்கு வாறது அதே தொகையா இருக்கும். மனுசன் மனுசி பிரிஞ்சாலோ புதுசாச் சேந்தாலோ, சம்பளம் குறிச்ச அளவுக்குக் கீழ தொடர்ந்து மூண்டு மாதம் போனாலோ முழுசா நிண்டுடும். 16,000க்கு மேல சேமிப்பு வைச்சிருந்து மாறினவைக்குப் பன்ரெண்டு மாதக் கணக்குக்குத்தான் விட்டுவைப்பினம். வீட்டுக்கு எண்டு சேத்த காசு, மகளின்ர கலியாணத்துக்கு எண்டு வைச்ச காசு இருந்தால் திகதியைப் பாத்து வைச்சுக்கொள்ளுங்கோ. வேணுமெண்டே காசைக் குறைச்சுக் காட்ட ஆற்றையும் பேருக்கு மாத்தினால் அதையும் உங்கட காசு எண்டுதான் கணக்கெடுப்பினம், கடனைக் கட்டினால் பிரச்சினை இல்லை. கடிதம் விளங்காட்டி உங்கட கவுன்சில் பகுதியில இருக்கிற சிற்றிசன்ஸ் அட்வைஸுக்குப் போங்கோ, காசு இல்லை, தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேணுமெண்டால் முந்தியே கேட்டு வையுங்கோ, மகனைப் பள்ளிக்கூடத்தில இருந்து மறிச்சுக் கூட்டிக்கொண்டு போகாதேங்கோ.